கடலோரம் என்பதாலேயே கடல்சார் காலநிலை ஆகிவிடாது

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் பெருங்கடலைப் பார்த்தபடி அமைந்த துறைமுக நகரம் லா கொருன்யா. ருஷ்யாவின் கிழக்குக் கோடியில், ஜப்பான் கடலின் கரையில் அமைந்த துறைமுக நகரம் விளாதிவொஸ்தோக். இரண்டும் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 43 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், ஆண்டின் எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் நண்பகலில் சூரியன் இரு நகரங்களிலும் ஒரே உயரத்துக்குத்தான் ஏறுகிறது; பகற்பொழுதின் நீளமும் ஒன்றுதான். ஆகஸ்டு மாதச் சராசரி வெப்பநிலை இரண்டிலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. ஜனவரிக்கு வந்தால் நிலைமை தலைகீழ். லா கொருன்யாவில் அந்த மாதச் சராசரி 11 டிகிரியை நெருங்கி நிற்க, விளாதிவொஸ்தோக்கில் அது மைனஸ் 12 டிகிரி. ஒன்றில் மழையும் பச்சைப் புல்லும்; மற்றொன்றில் விரிகுடா உறைந்து, பனிக்கட்டியை உடைக்கும் கப்பல்கள் முன்னே சென்று வழி திறக்க வேண்டிய நிலை.

ஒரே அட்சரேகை, இரண்டும் கடலோரம், ஒரே அளவு வெயில். அப்படியிருந்தும் குளிர்காலத்தில் 23 டிகிரி வேறுபாடு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை கண்டுவிட்டால், கடல்சார் காலநிலை என்பதன் பெரும்பகுதி விளங்கிவிடும். விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு நகரம் கடலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைவிட, அந்த நகரத்துக்கு வரும் காற்று எதன் மேல் பயணம் செய்து வருகிறது என்பதே முக்கியம். லா கொருன்யாவுக்குக் குளிர்காலக் காற்று அட்லாண்டிக்கைக் கடந்து வருகிறது. விளாதிவொஸ்தோக்குக்கோ அது சைபீரியாவின் உறைந்த நிலப்பரப்பைக் கடந்து வருகிறது. வாசலில் கடல் இருந்தும் பயனில்லை, ஏனெனில் காற்று நகரத்திலிருந்து கடலுக்குப் போகிறதே தவிர, கடலிலிருந்து நகரத்துக்கு வருவதில்லை.

கடல் ஏன் வெப்பநிலையை இப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பதை முதலில் பார்ப்போம். ஒரு கிலோ நீரையும் ஒரு கிலோ உலர்ந்த மணலையும் எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் ஒரே அளவு வெப்பத்தைக் கொடுத்தால், நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி உயரும் நேரத்தில் மணலின் வெப்பநிலை ஏறத்தாழ ஐந்து டிகிரி உயர்ந்திருக்கும். இதைத்தான் தன்வெப்ப ஏற்புத்திறன் என்று பள்ளியில் படிக்கிறோம். ஆனால் இது மட்டும் காரணமன்று; இதைவிடப் பெரிய காரணம், கடல் நீர் அசைகிறது, நிலம் அசைவதில்லை என்பதே. நிலத்தில் விழும் வெயில் மேற்பரப்பிலேயே நின்றுவிடுகிறது. அங்கிருந்து மெல்ல மெல்ல மண்ணுக்குள் கசிந்தாலும், கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையிலான வேறுபாடு சில மீட்டர் ஆழத்துக்குள் தேய்ந்துபோகிறது. கடலிலோ ஒளி நீருக்குள் இறங்குகிறது, அலையும் காற்றும் நீரைக் கலக்குகின்றன, குளிர்காலத்தில் மேலே குளிர்ந்து கனமான நீர் கீழிறங்க, கீழிருக்கும் சற்று வெதுவெதுப்பான நீர் மேலே வருகிறது. இதனால் பல பத்து மீட்டர் ஆழமுள்ள நீர்ப்படலம் முழுவதும் கோடை வெப்பத்தைச் சேமித்துவைக்கும் கிடங்காகிவிடுகிறது.

அந்தக் கிடங்கின் கொள்ளளவை உணர ஒரு சின்னக் கணக்குப் போதும். ஒரு கன மீட்டர் கடல் நீர் ஒரே ஒரு டிகிரி குளிர்ந்தால், அது வெளியிடும் வெப்பம் 3,000 கன மீட்டருக்கும் மேற்பட்ட காற்றை ஒரு டிகிரி சூடாக்கப் போதுமானது. தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சி வரை உள்ள காற்று முழுவதும் தேக்கிவைக்கக்கூடிய வெப்பத்தை, கடலின் மேல் மூன்று மீட்டருக்கும் குறைவான நீரே தேக்கிவிடும் என்று சொன்னால் இன்னும் தெளிவாக விளங்கும். ஆகவே, துருவப் பகுதியிலிருந்து கிளம்பும் கடுங்குளிர்க் காற்றும்கூட, சில நாட்கள் திறந்த கடலின் மேல் வீசினால் உறைநிலைக்கு மேலே வந்துவிடுகிறது. கோடையில் இதே வேலை எதிர்த்திசையில் நடக்கிறது: சூடான காற்று கடலின் மேல் வரும்போது தன் வெப்பத்தை நீருக்குக் கொடுத்துவிட்டு, ஈரத்தை ஏற்றிக்கொண்டு, மேகமாகக் கரையேறுகிறது.

இதன் விளைவாகக் கடல்சார் நகரங்களில் ஆண்டின் மிக வெப்பமான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறியதாக இருக்கிறது. இந்த வேறுபாட்டை ஆண்டு வெப்பநிலை வீச்சு என்பார்கள். ஒரு நகரத்தின் காலநிலையைப் பற்றி ஒரே ஓர் எண்ணைத்தான் கேட்கலாம் என்று யாராவது கட்டுப்பாடு விதித்தால், நான் ஆண்டுச் சராசரியைக் கேட்கமாட்டேன். இந்த வீச்சைத்தான் கேட்பேன்.

அதற்கு ஓர் உச்சகட்ட எடுத்துக்காட்டு உண்டு. வட அட்லாண்டிக்கில் உள்ள பரோயே தீவுகளின் தலைநகர் தோர்ஸ்ஹவுனும் சைபீரியாவின் யாக்கூத்ஸ்க் நகரமும் ஒரே 62 டிகிரி வட அட்சரேகையில் இருக்கின்றன. தோர்ஸ்ஹவுனில் குளிர்மாதச் சராசரி 4 டிகிரி, வெப்பமாதச் சராசரி 11 டிகிரி. வீச்சு சுமார் 7. யாக்கூத்ஸ்கில் ஜனவரிச் சராசரி மைனஸ் 37 டிகிரியை ஒட்டியது, ஜூலைச் சராசரி 20 டிகிரியை ஒட்டியது. வீச்சு ஏறத்தாழ 57. கவனிக்க வேண்டிய செய்தி, கோடையில் யாக்கூத்ஸ்க்தான் வெப்பமான நகரம் என்பது. கடல் வெறுமனே ஊரைச் சூடாக்கிக்கொண்டிருப்பதில்லை. அது இரு முனைகளையும் நடுவை நோக்கி இழுக்கிறது. ‘கடல்சார்’ என்பதை ‘இதமான வெப்பம்’ என்று புரிந்துகொள்பவர்கள், தோர்ஸ்ஹவுனின் 11 டிகிரிக் கோடையை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஓர் அட்சரேகையின் வழியே ஒரு நடை

உச்சகட்ட எடுத்துக்காட்டுகள் மனத்தில் பதியும், ஆனால் படிப்படியான மாற்றத்தை அவை காட்டுவதில்லை. ஆகவே ஐரோப்பாவின் மேற்கு விளிம்பிலிருந்து கிழக்கு நோக்கி, ஏறத்தாழ 55-56 டிகிரி அட்சரேகையின் வழியே நான்கு நகரங்களைப் பார்ப்போம். எடின்பரோவில் ஜனவரிச் சராசரி 4 டிகிரியை ஒட்டியும் ஜூலைச் சராசரி 15 டிகிரியை ஒட்டியும் இருக்கின்றன. கோப்பன்ஹேகனில் ஜனவரி ஒன்று அல்லது இரண்டு டிகிரி, ஜூலை 18. மாஸ்கோவில் ஜனவரி மைனஸ் 6, ஜூலை 20க்குச் சற்றுக் குறைவு. நோவோசிபிர்ஸ்கில் ஜனவரி மைனஸ் 17ஐ ஒட்டியது. ஜூலையோ ஏறத்தாழ மாஸ்கோவைப் போலவே 19 சொச்சம். வீச்சை மட்டும் வரிசையாக எழுதினால் 11, 17, 26, 36 என்று ஏறிக்கொண்டே போகிறது. கோடையில் நான்கு நகரங்களுக்கும் இடையிலான வேறுபாடு ஐந்து டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது; குளிர்காலத்தில் அது இருபதைத் தாண்டுகிறது. மேற்கிலிருந்து வரும் கடற்காற்று, நிலத்தின் மேல் செல்லச் செல்ல, தான் சுமந்துவந்த வெப்பத்தை வழியெல்லாம் இறைத்துவிட்டு, நோவோசிபிர்ஸ்குக்கு வரும்போது வெறுங்கையுடன் வருகிறது.

மேற்கிலிருந்து என்று சொன்னதைச் சற்று விளக்க வேண்டும். இரு அரைக்கோளங்களிலும் ஏறத்தாழ 35 முதல் 60 டிகிரி வரையிலான அட்சரேகைகளில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுகிறது. இதை மேலைக்காற்று என்கிறோம். எனவே அந்த அட்சரேகைகளில் ஒரு கண்டத்தின் மேற்குக் கரை கடற்காற்றைப் பெறுகிறது, கிழக்குக் கரை நிலக்காற்றைப் பெறுகிறது. நியூயார்க் அட்லாண்டிக் கரையில்தான் இருக்கிறது; ஆனாலும் அதன் ஜனவரிச் சராசரி ஒரு டிகிரியை ஒட்டியும் ஜூலைச் சராசரி 25 டிகிரியை ஒட்டியும் இருப்பதற்குக் காரணம், அதன் காற்றில் பெரும்பகுதி வட அமெரிக்க நிலப்பரப்பின் மேல் வருகிறது என்பதே. தெற்கு அரைக்கோளத்தில் பூமத்திய ரேகையிலிருந்து ஏறத்தாழ அதே தொலைவில் இருக்கும் வெலிங்டனை இதனுடன் ஒப்பிட்டால், அங்கே வெப்பமாதம் 17 அல்லது 18, குளிர்மாதம் 9. மேலைக்காற்று நியூசிலாந்தை அடையுமுன் கடக்கும் வழியில் கடலைத் தவிர வேறொன்றும் அதிகமில்லை.

காற்று வந்தால் மட்டும் போதாது, உள்ளே நுழைய வழியும் வேண்டும். ஐரோப்பாவின் பெரிய மலைத்தொடரான ஆல்ப்ஸ் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அதன் வடக்கே பிரான்சிலிருந்து போலந்து வரை சமவெளி விரிந்து கிடக்கிறது. கடற்காற்று தடையின்றி உள்ளே போகிறது, அதனால் கடற்கரையைக் கண்ணால் காணாத பாரிசும் பெர்லினும்கூடக் கடல்சார் காலநிலைப் பட்டியலில் இடம்பெறுகின்றன. வட அமெரிக்காவின் மேற்கில் மலைகள் வடக்கு தெற்காகச் சுவர்போல் நிற்கின்றன. சியாட்டிலில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மி.மீ. மழை பெய்ய, கேஸ்கேட் மலைத்தொடரின் மறுபுறம் இருக்கும் யாக்கிமா நகரில் பெய்வது ஏறத்தாழ 200 மி.மீ.; குளிர்காலம் உறைநிலையை ஒட்டியது, கோடை சியாட்டிலைவிட வெப்பமானது. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் இதே வேலையைச் செய்கிறது: தெற்குச் சிலியில் அடர்ந்த மழைக்காடு, மலைக்கு மறுபுறம் வறண்ட படகோனியா. ஆகவே கடல்சார் காலநிலையின் அகலம் ஐரோப்பாவில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பரவ, அமெரிக்கக் கண்டங்களில் அது கரையை ஒட்டிய ஒரு குறுகிய நாடாவாகச் சுருங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் பலரும் வளைகுடா நீரோட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெதுவெதுப்பான நீர் வடகிழக்கே பாய்ந்து வருவதால்தான் மேற்கு ஐரோப்பாவில் குளிர் குறைவு என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பாடப்புத்தகங்களில் சொல்லப்பட்டுவரும் விளக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நார்வேயின் வடக்குத் துறைமுகங்கள் குளிர்காலத்திலும் உறையாமல் இருப்பதற்கு வடக்கே ஏறிச்செல்லும் அந்த வெந்நீரோட்டத்தின் பங்கு பெரிது. ஆனால் அட்லாண்டிக்கின் இரு கரைகளுக்கும் இடையிலான குளிர்கால வேறுபாட்டை அதுவே முழுமையாக விளக்கிவிடாது. 2002இல் காலநிலை விஞ்ஞானி ரிச்சர்ட் சீகரும் அவருடைய சகாக்களும் கணினி மாதிரிகளைக் கொண்டு செய்த ஆய்வு, அந்த வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காற்றோட்டமும், கடல் கோடையில் சேமித்து குளிர்காலத்தில் வெளிவிடும் வெப்பமுமே காரணம் என்று வாதிட்டது. மாதிரிகளை ஒதுக்கிவைத்தாலும் வான்கூவரை ஒதுக்க முடியாது: வளைகுடா நீரோட்டத்துக்கும் அந்த நகரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, ஆனாலும் கனடாவின் பிற பெருநகரங்களோடு ஒப்பிடுகையில் அதன் குளிர்காலம் மிகவும் மென்மையானது. மேலைக்காற்றும் அகன்ற கடலும் இருந்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடுகிறது.

எழுத்துகளில் அடைக்கப்பட்ட காலநிலை

இதுவரை இயக்கத்தைப் பார்த்தோம். இனி, வரைபடங்களில் கடல்சார் காலநிலையைக் குறிக்கும் ‘சி-எஃப்-பி’ (Cfb) என்ற மூன்றெழுத்துக் குறியீட்டுக்கு வருவோம். இதை வகுத்தவர் 1846இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த காலநிலை அறிஞர் விளாதிமிர் கோப்பென். கண்டப் பெயர்ச்சிக் கோட்பாட்டின் ஆல்பிரட் வெகெனர் இவருடைய மருமகன் என்பது ஒரு துணைச்செய்தி. 1884இல் வெப்ப மண்டலங்களின் வரைபடத்தை வெளியிட்ட கோப்பென், பின்னர் 1900, 1918, 1936 எனத் தம் முறையைத் திரும்பத் திரும்பச் செப்பனிட்டுக்கொண்டே இருந்தார். தாவரங்களைப் படித்தவர் என்பதால், அவர் வகுத்த எல்லைகள் பலவும் தாவரங்களின் எல்லைகளே. வெப்பமான மாதத்தின் சராசரி 10 டிகிரியைத் தொடாத இடத்தில் மரம் வளர்வதில்லை. குளிர்ந்த மாதத்தின் சராசரி 18 டிகிரிக்குக் கீழே இறங்கும் இடத்தில் வெப்பமண்டலத் தாவரங்கள் பல நிற்பதில்லை.

குறியீட்டில் முதலெழுத்தான ‘சி’ மிதவெப்பத் தொகுதியைக் குறிக்கிறது: மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி 18 டிகிரிக்குக் கீழும் மைனஸ் 3 டிகிரிக்கு மேலும் இருக்க வேண்டும். இரண்டாவதான ‘எஃப்’, வறண்ட பருவம் இல்லை என்பதைச் சொல்கிறது. மூன்றாவதான ‘பி’, மிக வெப்பமான மாதமும் 22 டிகிரியைத் தொடுவதில்லை, ஆனால் நான்கு மாதங்களேனும் 10 டிகிரிக்கு மேல் இருக்கின்றன என்பதைச் சொல்கிறது. லண்டன், டப்ளின், ஆம்ஸ்டர்டாம், பெர்கன், வெலிங்டன் ஆகியவை இதில் சிக்கலின்றி அமர்கின்றன. 10 டிகிரிக்கு மேற்பட்ட மாதங்கள் மூன்றுக்குள் சுருங்கினால் கடைசி எழுத்து ‘சி’ ஆகிவிடும். தோர்ஸ்ஹவுன் அந்த வகை. வெப்பமாதம் 22 டிகிரியை எட்டிவிட்டால் ‘ஏ’. அது ஈரமான துணைவெப்பமண்டலக் காலநிலை, நியூயார்க்கின் வகை.

வகைப்பாட்டைப் பயன்படுத்தும் எவரும் அதன் கோடுகளை இயற்கையின் கோடுகள் என்று நம்பிவிடக் கூடாது. குளிர்மாத எல்லையாகக் கோப்பென் வைத்தது மைனஸ் 3. அமெரிக்கப் புவியியலாளர் பலர் அதைச் சுழியமாக மாற்றிக்கொண்டார்கள். ஜனவரிச் சராசரி சுழியத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் வார்சா, முதல் கோட்டின்படி கடல்சார் நகரம், இரண்டாவது கோட்டின்படி கண்டக் காலநிலை நகரம். நகரத்தில் ஒரு மரம்கூட இடம்பெயரவில்லை. பாரிசின் ஜூலைச் சராசரி 1991-2020 காலகட்டத்தில் 21 டிகிரியை எட்டியிருப்பதால், இன்னும் ஒரு டிகிரி ஏறினால் அதன் பெயரும் மாறிவிடும்.

சியாட்டிலின் வழக்கு இன்னும் சுவையானது. தூறலுக்குப் பெயர்போன அந்த நகரத்தைப் பல புத்தகங்கள் கடல்சார் காலநிலைக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுகின்றன. ஆனால் அங்கே நவம்பரில் சுமார் 160 மி.மீ. மழை பெய்ய, ஜூலையில் பெய்வது 15 மி.மீ. அளவே. கோடை மாத மழை குளிர்கால மழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டால் கோப்பென் முறை அதை வறண்ட கோடை என்று கணக்கிட்டு, அந்த நகரத்தை மத்திய தரைக்கடல் வகையின் குளிர்ந்த பிரிவில் கொண்டுபோய் வைக்கிறது. அமெரிக்கப் புவியியலாளர் கிளென் திரேவார்த்தா பின்னர் திருத்தியமைத்த முறையில், 10 டிகிரிக்கு மேற்பட்ட மாதங்கள் நான்கு முதல் ஏழு வரை இருந்து, குளிர்மாதம் உறைநிலைக்கு மேல் இருந்தால் அது கடல்சார் வகை. மழை எப்போது பெய்கிறது என்பது அங்கே தடையில்லை. எனக்குத் திரேவார்த்தா வைத்த கோடே பொருத்தமாகப் படுகிறது, ஏனெனில் சியாட்டிலின் குளிர்காலத்தை மென்மையாக்குவது லண்டனின் குளிர்காலத்தை மென்மையாக்கும் அதே இயக்கம்தான்.

எழுத்து ஒன்றாகவும் இயக்கம் வேறாகவும் இருக்கும் நேரெதிர் வழக்கு பொகோட்டா. கொலம்பியாவின் தலைநகரான அது பூமத்திய ரேகையிலிருந்து ஐந்து டிகிரிக்குள், ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பன்னிரண்டு மாதங்களிலும் சராசரி 13, 14 டிகிரியைச் சுற்றியே நிற்கிறது, மழையும் ஆண்டு முழுவதும் உண்டு. கோப்பென் கணக்கில் போட்டால் வருவது அதே சி-எஃப்-பி. ஆனால் பொகோட்டாவை மிதமாக வைத்திருப்பது கடலன்று. உயரம் அதைக் குளிர்விக்கிறது, பூமத்திய ரேகையின் அண்மை பருவ வேறுபாட்டை அழித்துவிடுகிறது. இதை உயர்நில வெப்பமண்டல வகை என்று தனியே பேசுவதே முறை. இதன் மறுபுறத்தில் சிங்கப்பூரை வைக்கலாம்: சுற்றிலும் கடல், வீச்சு இரண்டு டிகிரிக்குள், ஆனால் எந்த மாதமும் 18 டிகிரிக்குக் கீழே இறங்காததால் அது வெப்பமண்டல நகரம். கடலின் ஆட்சி இருக்கிறது, ‘கடல்சார் காலநிலை’ என்ற பெயர் இல்லை. அந்தப் பெயர் நடு அட்சரேகைகளுக்கு மட்டுமே உரியது என்று வைத்துக்கொண்டால் குழப்பம் பெருமளவு தீரும்.

இரண்டு நகரங்களை எப்படி ஒப்பிடுவது?

பாரிசையும் பெய்ஜிங்கையும் எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சராசரி வெப்பநிலை இரண்டிலும் 13 டிகிரியை ஒட்டியது. ஆண்டு மழை பாரிசில் 630 மி.மீ. அளவு, பெய்ஜிங்கில் 530 மி.மீ. அளவு, பெரிய வேறுபாடில்லை. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்து முடிவு செய்பவர், இரு நகரங்களிலும் ஒரே பெட்டியில் அடங்கும் உடைகள் போதும் என்று நினைத்துவிடக்கூடும். மாத அட்டவணையைத் திறந்தால், பாரிசின் ஜனவரி 5 டிகிரி, ஜூலை 21. பெய்ஜிங்கின் ஜனவரி மைனஸ் 3, ஜூலை 27. மழைக் கட்டங்களைப் பார்த்தால் பாரிசின் பன்னிரண்டு தூண்களும் 40 முதல் 70 மி.மீ. வரை ஏறத்தாழ ஒரே உயரத்தில் வேலிபோல் நிற்கின்றன. பெய்ஜிங்கிலோ ஜனவரியில் தூண் இருக்கிறதா என்றே தேட வேண்டும், இரண்டு மூன்று மி.மீ.தான், ஜூலையில் அது 150ஐத் தாண்டிவிடுகிறது. ஒன்றை மேலைக்காற்று ஆள்கிறது, மற்றொன்றைப் பருவக்காற்று ஆள்கிறது. சராசரி என்பது இரு முனைகளையும் கூட்டி வகுத்து மறைத்துவிடும் கருவி. காலநிலையை ஒப்பிட அது கடைசியில் பார்க்க வேண்டிய எண்.

மழையளவிலும் இதே ஏமாற்றம் உண்டு. லண்டன் ஓயாமல் மழை பெய்யும் நகரம் என்பது உலகறிந்த பேச்சு. ஆண்டு மழை அங்கே சுமார் 600 மி.மீ. மட்டுமே. ரோம் அதைவிட அதிகம் பெறுகிறது, சிட்னி அதைப்போல் இருமடங்கு பெறுகிறது. சியாட்டிலைவிட நியூயார்க்கில் ஆண்டு மழை அதிகம். பேச்சும் பொய்யில்லை, எண்ணும் பொய்யில்லை. கடல்சார் நகரங்களில் மழை கொட்டுவதில்லை, கசிகிறது: தாழ்ந்த சாம்பல் நிற மேகம், குடையை விரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கவைக்கும் தூறல், ஒரு மணி நேரத்துக்குப் பின் வெளுத்து மீண்டும் மூடும் வானம். மழை நாட்களின் எண்ணிக்கையையும் வெயில் மணி நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது அட்டவணையில் தெரியும். மேகம் இரவில் வெப்பத்தைப் பிடித்துவைத்து, பகலில் வெயிலைத் தடுப்பதால், அங்கே ஒரே நாளின் ஏற்ற இறக்கமும் குறைவு. இதற்கு விதிவிலக்காகக் கொட்டவும் செய்யும் நகரம் பெர்கன். ஈரக்காற்று நேராக மலையில் மோதுவதால் அங்கே ஆண்டு மழை 2,200 மி.மீ.க்கும் மேல்.

எந்த மாதம் மிக வெப்பமானது என்பதும் பயனுள்ள தடயம். நிலம் சீக்கிரம் சூடாகி, சூரியன் உச்சத்தைத் தொட்ட நான்கைந்து வாரங்களுக்குள் ஜூலையில் உச்சவெப்பத்தை அடைகிறது. கடல் மெதுவாகச் சூடாகி ஆகஸ்டு, செப்டம்பர் வரை ஏறிக்கொண்டே இருக்கிறது. தோர்ஸ்ஹவுன், லா கொருன்யா போன்ற நகரங்களில் ஆகஸ்டு முன்னே நிற்பதற்கும், குளிர் நீரோட்டத்தின் அருகே இருக்கும் சான் பிரான்சிஸ்கோவில் செப்டம்பரே ஆண்டின் வெப்பமான மாதமாக இருப்பதற்கும் அதுவே காரணம். தெற்கு அரைக்கோளத்தோடு ஒப்பிடும்போது ஆறு மாதம் தள்ளிப் படிக்க வேண்டும் என்பதையும், இரு நகரங்களுக்கும் ஒரே 30 ஆண்டுக் காலகட்டத்தின் எண்களை எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒன்றுக்கு 1961-1990, மற்றொன்றுக்கு 1991-2020 என்று கலந்துவைத்த ஒப்பீடுகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வீச்சை ஒப்பிடும்போது அட்சரேகை அருகருகே இருக்கட்டும், ஏனெனில் துருவத்தை நோக்கிப் போகப் போகச் சூரியனின் பருவ வேறுபாடே பெரிதாகிவிடுகிறது.

மாதச் சராசரியும் மறைக்கும் ஒன்று உண்டு. அதற்கு மெல்பர்ன் சாட்சி. கோப்பென் கணக்கில் அது ஐயமின்றிக் கடல்சார் நகரம், வெப்பமாதச் சராசரி 20 டிகிரி சொச்சம். அதே மெல்பர்னில் 2009 பிப்ரவரி 7 அன்று வெப்பநிலை 46.4 டிகிரியைத் தொட்டது. அன்று காற்று வடக்கே ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலையிலிருந்து வீசியது. தெற்கிலிருந்து கடற்காற்று திரும்பும்போது வெப்பநிலை சில நிமிடங்களில் பத்து டிகிரிக்கும் மேல் சரிவது அந்நகர மக்களுக்குப் பழகிப்போன காட்சி. லண்டனின் ஹீத்ரோவில் 2022 ஜூலை 19 அன்று 40.2 டிகிரி பதிவானபோதும், வெப்பக்காற்று தெற்கே ஐரோப்பிய நிலப்பரப்பிலிருந்துதான் ஏறிவந்தது. காற்றின் திசை மாறிய அந்தச் சில மணி நேரங்களுக்கு அந்த நகரங்கள் கடல்சார் நகரங்களாக இருக்கவில்லை.

விளாதிவொஸ்தோக்கிலும் இது நடக்கிறது, ஆனால் எதிர்த்திசையிலும் நீண்ட காலத்துக்கும். குளிர்காலம் முழுவதும் சைபீரியாவிலிருந்து வீசிய காற்று, வசந்தத்தின் இறுதியில் திரும்பி, ஜப்பான் கடலிலிருந்து கரையேறத் தொடங்குகிறது. அதே அட்சரேகையில் உள்நாட்டு நகரங்கள் காயத் தொடங்கிவிட்ட ஜூன் மாதத்தில், அங்கே துறைமுகம் மூடுபனியில் மறைந்துகிடக்கிறது, தூறல் விழுகிறது, மாதச் சராசரி 13 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. வெப்பம் ஜூலையைத் தாண்டி ஆகஸ்டில்தான் உச்சத்தை அடைகிறது. அந்த மூன்று மாத அட்டவணையை மட்டும் கிழித்தெடுத்து, நகரத்தின் பெயரை மறைத்துவிட்டு, இது எந்தக் காலநிலை என்று கேட்டால், அட்லாண்டிக் கரையின் ஏதோ ஓர் ஊர் என்றுதான் யாரும் சொல்வார்கள்.